மூன்று முறை சூடாக்கிய பூட்ஸ்

என் வேலை மேசைக்கு அடியில் இடது காலுக்கான வெள்ளை ஸ்கீ பூட்ஸ் ஒன்று கிடக்கிறது. உள்ளே போடும் மெத்தையான லைனர் இல்லாமல், வெளி ஓடான ஷெல் மட்டும். சுண்டுவிரலின் அடிப்பக்கம் வரும் இடத்தில் பிளாஸ்டிக் வெளியே புடைத்திருக்கும். அதற்கு ஒரு விரற்கடை பின்னால் இன்னொரு புடைப்பு. முன்முனையில், விரல்கள் முட்டும் இடத்தில், பளபளப்பு போய் லேசாக மங்கியிருக்கும். மூன்றும் என் கைவேலை. மூன்றும் தேவையில்லாத வேலை. பட்டறையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று கையில் எடுப்பேன், பிறகு பழைய இடத்திலேயே வைத்துவிடுவேன். அதைப் பற்றி எழுதினால் மனசு கொஞ்சம் ஆறும் என்று ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

நான் செய்வது பூட்ஸ் ஃபிட்டிங். பனிச்சறுக்குக்குப் போகிறவர்களின் பூட்ஸை அவரவர் காலுக்குப் பொருந்தும்படி இழைத்து, அழுத்தி, தேய்த்துக் கொடுக்கும் வேலை. ஸ்கீ பூட்ஸைச் சாதாரணச் செருப்பு, ஷூ மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. காலுக்கும் பனியில் கீறும் உலோக விளிம்புக்கும் நடுவில் இருக்கும் ஒரே இணைப்பு அது. முழங்காலைச் சற்று உள்பக்கமாகச் சாய்த்தால் அந்தச் சாய்வு கணைக்கால் வழியாகக் கெட்டியான பிளாஸ்டிக் ஷெல்லுக்குப் போய், அங்கிருந்து பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங், அங்கிருந்து ஸ்கீ என்று இறங்க வேண்டும். நடுவில் எங்காவது காலுக்கும் ஷெல்லுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் அந்தச் சாய்வு அங்கேயே தொலைந்துபோகும். அதே சமயம், இடமே இல்லாவிட்டால் எலும்பு நசுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர்தான்.

தோல் பூட்ஸ் இருந்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது. தோல் சில வாரங்களில் காலின் வடிவத்துக்குத் தானே வந்துவிடும். ஆனால் நனையும், தளரும், பக்கவாட்டில் பிடிப்பு கொடுக்காது. 1960களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டியூபுக் நகரத்தில் பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பந்தய வீரர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஜெயிக்க ஆரம்பித்ததும் தோலின் காலம் முடிந்தது. பிளாஸ்டிக் காலுக்காக இளகாது. கணைக்காலின் முன்பக்கம் கன்றிப்போகும் அளவுக்கு அந்த முதல் பூட்ஸ்கள் வலித்தன என்பார்கள். காலுக்கு இளகாத பிளாஸ்டிக்கை யாராவது இளக்கியாக வேண்டுமே? அப்படி வளர்ந்த தொழில் இது.

சரி, அந்த வெள்ளை பூட்ஸுக்கு வருகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்து இரண்டாவது பருவம் அது. ஹீட் கன், பிரஸ், கிரைண்டர் எல்லாம் கைக்குப் பழகியிருந்த நேரம். நாற்பதுகளில் இருந்த ஒரு பெண்மணி வந்தார். பனிச்சறுக்கைத் தாமதமாகக் கற்றுக்கொண்டவர், ஆனால் அப்படி ஒரு ஆசை அவருக்கு. வேறு ஓரிடத்தில் வாங்கிய பூட்ஸைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, இடது காலின் சுண்டுவிரலுக்குக் கீழே விரலை வைத்து, “இங்கே மட்டும்தான் வலி, மற்றபடி அருமையான பூட்ஸ்” என்றார். ஐந்தாவது பாதநீள எலும்பின் தலைப்பகுதி அது. ‘ஆறாவது விரல்’ என்று தொழிலில் சொல்வார்கள். எங்கள் மேசைக்கு அதிகமாக வரும் புகார்களில் அதுவும் ஒன்று. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த இடத்தில் எலும்பின் மேல் லிப்ஸ்டிக்கால் ஒரு பொட்டு வைத்தேன். லைனர் இல்லாத ஷெல்லுக்குள் காலை விடச் சொன்னால் அந்தப் பொட்டு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். பிறகு ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டி, மேற்பரப்பின் பளபளப்பு கெடுகிற நிலைக்குச் சற்று முன்னால் வரை சூடாக்க வேண்டும். அதற்குப் பிறகு பிரஸ். உள்ளே உருண்டையான உலோகக் குமிழ், வெளியே ஒரு வளையம், நடுவில் ஷெல்லின் சுவர். நெம்புகோலை மெதுவாகத் திருகத் திருக, அவ்வளவு நேரம் கல் மாதிரி இருந்த பிளாஸ்டிக் மெல்ல விலகி வழிவிடும். தேவைக்குச் சற்று அதிகமாகவே தள்ள வேண்டும், ஏனென்றால் குளிரும்போது கொஞ்சம் பின்வாங்கும். பிரஸ்ஸிலேயே வைத்து முழுக்க ஆறவிட வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். கைவேலையில் குறை சொல்ல முடியாது. அவர் போட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து வந்தார். வெளிப்பக்க வலி குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. இப்போது இன்னும் கொஞ்சம் பின்னால் வலிக்கிறது. கூடவே புதிதாக ஒன்று: மதியத்துக்குள் கால் மரத்துப்போகிறது, விரல்கள் ஜில்லென்று ஆகிவிடுகின்றன. புறங்காலின் மேல் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. பூட்ஸை இறுக்க, பல் பல்லாக மாட்டும் கொக்கியான பக்கிள் மேலிருந்து அழுத்தினால் அது நசுங்கி விரல்களுக்குப் போகும் ரத்தம் குறையும். சிலருக்குப் புறங்கால் உயரமாக இருக்கும், அவர்களுக்கு ஷெல்லுக்குள் உயரம் போதாது. இவருக்கும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டேன். லைனருக்கு அடியில் பூட்போர்டு என்று ஒரு சாய்வான தட்டு இருக்கும். அதை எடுத்து பெல்ட் சாண்டரில் 3 மில்லிமீட்டர் தேய்த்தேன். கால் அந்த அளவுக்குக் கீழே இறங்கும், மேலே இடம் கிடைக்கும். இரண்டாவது முறையாக ஷெல்லைச் சூடாக்கி, முதல் புடைப்புக்குப் பின்னால் இன்னொன்றும் போட்டேன்.

மூன்றாவது தடவை வந்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை. சாக்ஸைக் கழற்றினார். இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது, வலதில் பாதி கறுத்திருந்தது. “இனிமேல் வேண்டாம் என்று இருக்கிறது” என்றார். பூட்ஸைச் சொன்னாரா, பனிச்சறுக்கையே சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை. நகம் கறுக்கிறது என்றால் விரல் முன்னால் முட்டுகிறது. முட்டுகிறது என்றால் நீளம் போதவில்லை. நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். முன்முனையை நீட்டுவதற்கான கருவியை எடுத்துப் பொருத்திவிட்டு, ஹீட் கன்னால் சூடாக்க ஆரம்பித்தேன்.

லைனரை வெளியே எடு

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் அப்போது பக்கத்து மேசையில் ஒரு பந்தயக்காரரின் பூட்ஸில் வேலையாக இருந்தார். கொஞ்ச நேரமாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து வந்து ஹீட் கன்னின் பிளக்கைப் பிடுங்கினார். கோபம் எதுவும் இல்லை. “இந்தக் காலை வெறும் ஷெல்லுக்குள் விட்டுப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். பார்த்தேன், பொட்டு வைப்பதற்காக விட்டேன் என்றேன். “அளந்தாயா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

பெரியவர் மேல் சட்டைப்பையிலிருந்து ஒரு மரக்குச்சியை எடுத்தார். விரல் தடிமன், ஒரு சாண் நீளம். ஒரு முனையின் கனம் 15 மில்லிமீட்டர், மறு முனை 20. எங்கள் பட்டறையில் இருப்பதிலேயே மலிவான கருவி. அந்தப் பெண்மணியின் காலைச் சூடு ஆறிய ஷெல்லுக்குள் விடச் சொன்னார். விரல்கள் முன்சுவரை லேசாகத் தொடும்வரை முன்னால் நகர்த்தி, முழங்காலைச் சற்று மடக்கி நிற்கச் சொன்னார். பிறகு குதிகாலுக்கும் பின்சுவருக்கும் இடையே குச்சியைச் செருகினார். 15 முனை விழுந்தது. 20 முனையும் விழுந்தது. குச்சி உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தன் ஆள்காட்டி விரலையும் நுழைத்தார். அதுவும் போயிற்று. ஏறக்குறைய 35 மில்லிமீட்டர்.

சாதாரணமாகச் சறுக்குகிறவர்களுக்கு அந்த இடைவெளி 15 முதல் 20 வரை இருக்கலாம். பந்தயத்துக்குப் போகிறவர்கள் 10க்கும் கீழே போவார்கள். அந்தப் பெண்மணியின் பூட்ஸ் இரண்டு முழு அளவு பெரியது.

அவரிடம் பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பக்கிளை எந்தப் பல்லில் மாட்டுவீர்கள்?” கடைசிப் பல்லில் என்றார். அப்போதுதான் குதிகால் தூக்காமல் இருக்குமாம். காலையில் கடைசிக்கு முந்தையது, பத்து மணிக்கெல்லாம் கடைசி. அந்தப் பதிலைக் கேட்டதும் என் அடிவயிறு கனத்தது. மூன்று வலிகளும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது. பூட்ஸ் பெரிதாக இருப்பதால் குதிகால் தன் குழியில் உட்காராமல் மேலெழும்புகிறது. அதைப் பிடித்து நிறுத்த அவர் பக்கிளை இறுக்குகிறார். இறுக்கினால் புறங்கால் நசுங்குகிறது, விரல் மரத்துப்போகிறது. அவ்வளவு இறுக்கியும் சரிவில் வேகம் எடுக்கும்போது பாதம் முன்னால் வழுக்குகிறது. வழுக்கினால் விரல் முன்சுவரில் மோதி நகம் கறுக்கிறது. பாதத்தின் அகலமான பகுதி, ஷெல்லின் அகலமான பகுதியைத் தாண்டி முன்னால், சுவர்கள் குறுகத் தொடங்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. அங்கேதான் அவர் முதல் நாள் விரலை வைத்துக் காட்டினார். நான் பூட்போர்டைத் தேய்த்து இடத்தை இன்னும் கூட்டினேன். அதனால் அவர் இன்னும் இறுக்கினார். நான் ஒவ்வொரு முறை வலியைக் குறைக்கப் பார்த்தபோதும் அதன் காரணத்துக்குத் தீனி போட்டிருக்கிறேன்.

கைவேலையில் குறை இல்லை என்று மேலே எழுதினேன். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. வேலை மோசமாக இருந்திருந்தால் முதல் நாளே யாராவது திருத்தியிருப்பார்கள். சூடான பிளாஸ்டிக் அழுத்தத்துக்கு இணங்கி விலகுவதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. வந்தவர் ஓர் இடத்தைக் காட்டுகிறார், நமக்கு அந்த இடத்தைச் சரிசெய்யத் தெரியும், கருவியும் பக்கத்திலேயே இருக்கிறது. கை தானாக அதை நோக்கிப் போகும். வலிக்கும் இடத்தை அவர் சரியாகத்தான் காட்டினார். அது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான்.

விரல் தொட வேண்டும்

இதில் அளவெடுக்கும் முறைக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்கீ பூட்ஸின் அளவு மாண்டோபாயிண்ட். தெருவில் போடும் ஷூ எண்களைப் போல மர்மம் எதுவும் இல்லை. பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில் எவ்வளவோ அதுதான் அளவு. ஐஎஸ்ஓ 9407 என்று அதற்கு ஒரு தரநிலையே இருக்கிறது. அந்தப் பெண்மணியின் பாதம் எடை தாங்கி நிற்கும்போது 243 மில்லிமீட்டர். அவர் வைத்திருந்தது 26.5. வழக்கமாகப் போடும் ஷூ எண்ணை ஓர் அட்டவணையில் பார்த்து மாற்றி, ‘போட்டுப் பார்த்தேன், வசதியாக இருந்தது’ என்று வாங்கியிருக்கிறார். ஷூ வாங்கும்போது நாம் எல்லோரும் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டுத்தானே வாங்குகிறோம்? அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிடுகிறது. இன்னொரு விஷயம், பெரும்பாலான தயாரிப்பாளர்களிடம் 26க்கும் 26.5க்கும் ஷெல் ஒன்றேதான். அரை அளவு என்பது உள்ளே போடும் இன்சோலிலோ லைனரிலோ இருக்கும் சின்ன வித்தியாசம். அரை அளவு கூட்டி வாங்கினேன், குறைத்து வாங்கினேன் என்று யாராவது சொன்னால், ஷெல் மாறியதா என்று நான் கேட்பது இதனால்தான்.

அகலத்தையும் இதே மாதிரி அரைகுறையாகப் படித்துவிட்டு வருகிறார்கள். 98, 100, 102 மில்லிமீட்டர் என்று பெட்டியில் எழுதியிருக்கும் எண், வழக்கமாக 26.5 அளவு ஷெல்லில் பாதத்தின் அகலமான இடத்தில் எடுத்தது. அளவு குறைந்தால் அகலமும் குறையும், கூடினால் கூடும். 120, 130 என்று போட்டிருக்கும் விறைப்பு எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தயாரிப்பாளரின் 110 இன்னொருவரின் 100 மாதிரி இருக்கும், பொதுவான அளவுகோல் கிடையாது.

அளப்பதற்கு எங்களிடம் பிரானக் கருவி இருக்கிறது. 1920களில் சார்லஸ் பிரானக் உருவாக்கியது. பாதத்தின் நீளத்தோடு, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை உள்ள தூரத்தையும் காட்டும். அந்த இரண்டாவது அளவை நிறையப் பேர் பார்ப்பதில்லை. மொத்த நீளம் ஒன்றாக இருக்கும் இருவரில் ஒருவருக்கு விரல்கள் நீளம், இன்னொருவருக்கு விரல்கள் குட்டை, பாதம் நீளம் என்று இருக்கலாம். ஒரே ஷெல் இருவருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. இப்போது லேசர் ஸ்கேனர்கள் வந்திருக்கின்றன. கணுக்கால் சுற்றளவு, புறங்கால் உயரம் எல்லாம் சில நொடியில் திரையில் வந்துவிடும். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஸ்கேனருக்குப் பாதம் மட்டுமே தெரியும். ஷெல்லுக்குள் அந்தப் பாதம் எங்கே உட்காருகிறது என்பதை மரக்குச்சிதான் சொல்கிறது.

அன்று பெரியவர் 24 அளவு ஷெல் ஒன்றைக் கொண்டுவந்து முதலில் குச்சியால் பார்த்தார். 15 முனை இதமாக நின்றது. லைனரைப் போட்டு, ஒரே ஒரு மெல்லிய சாக்ஸோடு காலை விடச் சொன்னார். அவர் எழுந்து நின்றதும் முகம் மாறிவிட்டது. “விரல் இடிக்கிறது, நகம் ஏற்கெனவே இப்படி இருக்கிறது, இதைப் போட்டால் என்ன ஆகும்?” என்றார். நியாயமான பயம். பெரிய பூட்ஸில் நகம் போனவரிடம் அதைவிடச் சின்னதைப் போடு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவரை நம்பவைக்கப் பெரியவர் பேச்சுக் கொடுக்கவில்லை. குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டச் சொன்னார். முதலில் மேல் பக்கிளையும் பட்டையையும் மாட்டினார். அப்படிச் செய்தால்தான் குதிகால் பின்னால் போய்க் குழியில் உட்காரும். அப்புறம் புறங்கால் பக்கிள், விரல்பக்கம் இருப்பதைச் சும்மா ஒட்டியது போல. பிறகு, “முழங்காலை முன்னால் தள்ளிக் கணைக்காலைச் சாய்த்து நில்லுங்கள்” என்றார்.

அவர் சாய்ந்தார். சற்று நேரம் பேசவில்லை. மறுபடி நிமிர்ந்தார், மறுபடி சாய்ந்தார். “விரல் விலகுகிறது” என்றார்.

இந்த வேலையில் நான் கேட்ட வார்த்தைகளில் மறக்க முடியாதது அது. நேராக நிற்கும்போது விரல் முன்சுவரைத் தொட வேண்டும். சறுக்கும் நிலைக்கு மடங்கும்போது குதிகால் பின்னால் போய், விரல் சுவரை விட்டு விலக வேண்டும். கடையில் நாம் நேராக நின்று பார்க்கிறோம், பனியில் யாரும் நேராக நின்று சறுக்குவதில்லை. நேராக நிற்கும்போது வசதியாக இருக்கும் பூட்ஸ், வளையும்போது பெரிதாகிவிடும். தவிர, புது லைனர் பயன்படுத்தப் பயன்படுத்த அமுங்கி மெலியும். முதல் நாள் இதமாக இருந்தது இருபது நாளில் தொளதொளவென்று ஆகிவிடும்.

வசதி என்பதைத் தொழிலே ஒருமுறை தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 1980களில் பின்பக்கம் திறக்கும் பூட்ஸ்கள் பரவலாக விற்றன. செருப்புப் போல நுழைக்கலாம், கழற்றலாம். கடையில் போட்டுப் பார்த்தவர்களுக்குச் சொர்க்கம். ஆனால் கால் உள்ளே நகர்ந்தது, புறங்காலைச் சுற்றிப் பிடிப்பு இல்லை. 1990களில் முன்பக்கம் திறந்து ஒன்றன்மேல் ஒன்று மடியும் பழைய அமைப்பே திரும்பி வந்துவிட்டது. அந்தக் காலத்து பூட்ஸைப் பத்திரமாக வைத்திருக்கும் முதியவர்கள் எப்போதாவது வருவார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை, குதிகாலை மட்டும் பிடித்துப் பார்க்கச் சொல்வேன்.

கீழிருந்து மேலே

அந்த நாளுக்குப் பிறகு என் வேலையின் வரிசை மாறிவிட்டது. முன்பு ஷெல்லிலிருந்து தொடங்குவேன். இப்போது நாற்காலியில் உட்கார வைத்து, வெறுங்காலைக் கையில் பிடித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறேன். கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சுவர் ஓரம் பாதத்தை ஊன்றி, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னாலே நிறையத் தெரிந்துவிடும். மடங்காத கணுக்காலை முன்சாய்வு அதிகமான பூட்ஸில் திணித்தால் குதிகால்தான் எழும்பும். அதை லைனரின் குறை என்று நினைத்து அங்கே பஞ்சை ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் குதிகாலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் உயரம் கொடுத்தால் போதும், பாதி பிரச்சினை தீரும்.

அடுத்தது ஃபுட்பெட், பாதத்தைத் தாங்க அவரவர் காலுக்கென்று செய்யும் இன்சோல். இதைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். பூட்ஸோடு வரும் இன்சோல் பெரும்பாலும் ஒரு தட்டையான துண்டு. அதன் மேல் எடையை வைத்தால் பாதவளைவு இறங்கி, பாதம் நீளும், அகலும், கணுக்கால் உள்பக்கமாகச் சரியும். அந்தப் பெண்மணியின் பாதம் உட்கார்ந்திருக்கும்போது 239, நிற்கும்போது 243. அந்த 4 மில்லிமீட்டருக்காக ஷெல்லைக் குடைவதைவிட, பாதத்தைத் தாங்கிப் பிடித்து அது விரியாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கணுக்காலின் உள் எலும்பு ஷெல்லில் இடிக்கிறது என்று வருகிற எத்தனையோ பேருக்கு, பாதம் சரிவதை நிறுத்தியதும் எலும்பு தானாக விலகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு, பாதி எடை போட்ட நிலையில் அச்செடுத்துக் கார்க்கில் ஃபுட்பெட் செய்தோம். பிறகு லைனரைச் சூடாக்கி, விரல்களுக்கு மேல் ஒரு மெத்தைத் தொப்பி போட்டு, காலை உள்ளே விட்டு, பக்கிளை மிதமாக மாட்டி ஆறவிட்டோம். லைனரின் நுரை அவர் காலின் மேடு பள்ளங்களுக்கு இணங்கிக்கொண்டது.

இதெல்லாம் முடிந்த பிறகும் எங்காவது இடித்தால் மட்டுமே ஷெல்லைத் தொடுவது. அதிலும் பிளாஸ்டிக் என்னவென்று தெரிந்துகொண்டு தொட வேண்டும். பாலியூரித்தேன் பொறுமையானது, சூட்டைத் தாங்கும், தள்ளிய இடத்தில் ஓரளவு நிற்கும். மலையேறிச் சறுக்குகிறவர்களின் எடை குறைந்த பூட்ஸ்களில் வரும் கிரிலமிட் அப்படி இல்லை. சூடு சற்றுக் குறைந்தால் அசையாது, கூடினால் உருக்குலைந்துவிடும், ஆறிய பிறகும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். கிரைண்டர் வேலை இன்னும் கவலையானது. தள்ளிய பிளாஸ்டிக்கை மறுபடி சூடாக்கினால் ஓரளவு பழைய நிலைக்குக் கொண்டுவரலாம், தேய்த்த பிளாஸ்டிக் தேய்த்ததுதான். சுவரின் கனத்தை காலிப்பரால் அளந்துவிட்டுத்தான் கட்டரை ஓட்ட வேண்டும்.

பாதத்துக்குக் கீழே செய்யும் வேலை பாதுகாப்பையும் தொடும். முழங்கால் உள்ளேயோ வெளியேயோ விழுகிறவர்களுக்கு பூட்ஸின் அடிப்பாகத்தையே ஓரிரு டிகிரி சாய்வாக இழைப்பதுண்டு. இழைத்தால், பைண்டிங் கவ்விப் பிடிக்கும் முன்பக்க உதட்டின் கனம் குறையும். ஐஎஸ்ஓ 5355 தரநிலைப்படி அது 19 மில்லிமீட்டர் இருந்தால்தான் பைண்டிங் விடவேண்டிய நேரத்தில் சரியாக விடும். அதனால் அடியில் தகடு சேர்த்து, மேற்பக்கத்தை ரவுட்டரால் சீவி, அதே கனத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். இதைச் செய்யாமல் அனுப்பப்பட்ட ஒரு ஜோடி என் மேசைக்கு வந்தபோது எனக்கு இரவு தூக்கமே வரவில்லை. விழும்போது பைண்டிங் விடாவிட்டால் போவது முழங்கால்.

பழைய ஷெல்

வெள்ளை பூட்ஸை அந்தப் பெண்மணி எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். இரண்டு புடைப்பும் தேய்த்த பூட்போர்டுமாக அதை வேறு யாருக்கும் கொடுக்க வழியில்லை. நான் செய்த வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார், பெரியவர் வற்புறுத்தி வாங்க வைத்தார். மன்னிப்புக் கேட்டபோது, “நான் காட்டிய இடத்தைத்தானே நீங்கள் சரிசெய்தீர்கள்” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அடுத்த பருவத்தில் அவர் மறுபடி வந்தார். கதவைத் திறந்ததும் என் கண் அவர் கையிலிருந்த பையைத்தான் பார்த்தது. நகம் முழுதாக வளர்ந்திருந்தது, கால் மரப்பதில்லை, பக்கிள் இரண்டாவது பல்லிலேயே நிற்கிறது. ஆனால் இடது பாதத்தின் உள்பக்கம், வளைவுக்கு மேலே துருத்தும் அந்தச் சின்ன எலும்பில் சிவந்திருந்தது. “இங்கே” என்று விரலை வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

லைனரை எடுத்தேன். குச்சியை விட்டேன், 15 முனை போன வருடம் நின்றது போலவே நின்றது. ஃபுட்பெட்டின் மேல் நிற்க வைத்துப் பார்த்தேன், பாதம் சரியவில்லை. பக்கிளை அவரையே மாட்டச் சொல்லி, எந்த வரிசையில் மாட்டுகிறார் என்று கவனித்தேன். லைனரின் வெளிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது, அந்த எலும்புக்கு நேரே துணி பளபளவென்று தேய்ந்திருந்தது. எல்லாவற்றையும் பார்க்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இந்த முறை வலி அவர் விரல் வைத்த இடத்திலேயேதான் இருந்தது.

லிப்ஸ்டிக்கால் ஒரு பொட்டு வைத்தேன். ஹீட் கன்னைச் செருகினேன். 3 மில்லிமீட்டர் தேவை, 5 தள்ளினேன். நாளை காலை வந்து வாங்கிக்கொள்ள முடியுமா, இரவு முழுக்க பிரஸ்ஸிலேயே ஆறட்டும் என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு, வலது பூட்ஸை மட்டும் பையில் போடப் போனவர், அதையும் என் மேசை மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.